பன்னிரண்டு சொல் சுருக்கம்

பதிவு 201
நாள் 216, காலை 6.40
சுருக்கம்: கூட்டம் நலம். எண்ணிக்கை 31. வானம் தெளிவு. நங்கூரம் சீராக ஓடுகிறது.

விவரம்: ஆற்றங்கரைக் கண்காணிப்புக் கூண்டிலிருந்து எழுதுகிறேன். பெயர் மயிலாத்தாள். கால்நடை மருத்துவர். இதை யார் கண்டெடுப்பீர்கள் என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால். வாசல் நாற்பத்தொரு நாளுக்கு ஒருமுறை ஆறு மணி நேரம் திறக்கும். ஓர் ஆளும் விலங்கு ஏற்றும் கூண்டு ஒன்றும் போகலாம், வரலாம். இந்தப் பக்கத்தில் நங்கூரம் என்ற இயந்திரம் ஓடினால்தான் அடுத்த முறையும் வாசல் இதே இடத்தில் திறக்கும். அதற்குக் காவலாக ஒருவர் தங்க வேண்டும். நானே கேட்டுத் தங்கினேன்.

இங்கே மூன்று பேர் இருந்தோம். இயக்குநர் டாக்டர் தெய்வசிகாமணி நேற்று முன்தினம் வாசல் வழியாக ஊருக்குத் திரும்பினார். விலங்குகளைப் பிடித்துக் கையாளும் நாச்சிமுத்தண்ணனும் அவரோடுதான் போனார். கூண்டுக்குள், பையில் கட்டி. அவர் இறந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள்.

இந்தப் பதிவேட்டுக்கு இயக்குநர் போட்ட விதி ஒன்று உண்டு. முதலில் சுருக்கம் எழுத வேண்டும், பன்னிரண்டு சொல்லுக்கு மிகாமல். அது மட்டும் அவருடைய மேசைத் திரைக்குப் போகும். விவரம் அதன் அடியில் மடங்கிக் கிடக்கும். விரலால் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். திறந்தவர் பெயர் ஓரத்தில் தானாகப் பதிவாகும். இதுவரை இருநூறு பதிவுகள். இருநூறிலும் அந்த ஓரம் காலி.

இன்று வேறு செய்தி இல்லை. கூட்டம் ஆற்றில் நீர் குடித்துவிட்டு மேட்டுக்குப் போய்விட்டது.


பதிவு 204
நாள் 219, காலை 10.15
சுருக்கம்: இறந்த பெண் விலங்கு கிடைத்தது. உடற்கூறு ஆய்வு முடிந்தது. பல் இல்லை.

விவரம்: கால் முறிந்து சேற்றில் விழுந்து செத்திருக்கிறது. நான்கு மணி நேரம் அறுத்தேன்.

இவற்றுக்கு ஆய்வகத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நெருப்புக்கோழி போன்ற டைனோசர் என்றால் எல்லோருக்கும் புரியும். நாச்சிமுத்தண்ணன் வைத்த பெயர் நெட்டையன். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தலை சிறியது. கண் மட்டும் எலுமிச்சம்பழம் அளவு, பக்கவாட்டில். பின்னால் யார் வந்தாலும் தெரிந்துவிடும். வாயில் ஒரு பல்கூட இல்லை, கொம்புப் பொருளாலான அலகு மட்டும். எலும்புகளுக்கு உள்ளே வெற்றிடம். தொடை குட்டை, முழங்காலுக்குக் கீழே நீளம். ஓடுவதற்கென்றே அமைந்த கால். மூன்று விரல்களை ஊன்றி ஓடும். நீண்ட விறைப்பான வால், திரும்பும்போது நிலை தடுமாறாமல் காக்கும். எடை நானூறு கிலோவுக்குக் குறையாது. கை நெடுகச் சிறகு உண்டு, பறக்க அல்ல.

இரைப்பையில் நூற்றிருபது கூழாங்கற்கள். பல் செய்யாத வேலையை அவை செய்கின்றன. கூடவே இலை, விதை, ஆற்று இறால், வண்டுகள், ஒரு பல்லியின் வால். எதையும் வேண்டாம் என்று சொல்லாத வயிறு.

கைதான் விசேஷம். ஈமுக் கோழிக்குக் கை இருக்கிறதா என்று தேட வேண்டும். இதற்குக் கை என் கையைவிட நீளம். மூன்று விரலும் ஏறக்குறைய ஒரே நீளம், மூன்றும் சேர்ந்தே மடங்கும். பொருளைப் பிடிக்க வராது. ஆனால் கொக்கி போல மாட்டி இழுக்க வரும். உயரத்துக் கிளையை இப்படித்தான் வாய்க்கு இழுக்கிறது. தசைநாரை இழுத்துப் பார்த்தேன். மாட்டியதை மார்போடு அணைக்கும் தசை மட்டும் என் புஜத்தைவிடப் பருமன். விரித்துவிடும் தசை மெல்லிய நூல். மாட்டினால் தானாக விடாது.

இதை நாச்சிமுத்தண்ணன் அறுக்காமலே கண்டுபிடித்திருந்தார்.


பதிவு 207
நாள் 222, காலை 7.20
சுருக்கம்: கூட்டம் நலம். அலுவலகம் வழியாக ஒரு தனிப்பட்ட செய்தி வந்தது.

விவரம்: தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்பது நிமிடம் மட்டும் பேச்சு போய்வரும். இன்று இயக்குநர் வரவில்லை. அவருக்குப் பதிலாகத் தங்காயக்காவை உட்கார வைத்திருந்தார்கள். நாச்சிமுத்தண்ணனின் மனைவி. அலுவலக வாசலில் நான்கு நாள் உட்கார்ந்து இந்த ஒன்பது நிமிடத்தை வாங்கியிருக்கிறார். சொல் மாறாமல் எழுதி வைக்கிறேன்.

"மயிலு, நாந் தங்காயி பேசறேன். கேக்குதா கண்ணு? ஆபீசுல கூப்புட்டுக் கையெழுத்து வாங்கீட்டாங்க. முட்டை திருடப் போயித்தான் செத்தாருன்னு எழுதியிருக்குது. ஈமுக் கொட்டாயில நாங்க பட்டினி கெடந்தப்பக்கூட அந்த மனுசன் ஒரு முட்டைய எடுத்தாந்ததில்ல. இப்ப ஊர்ல ஊட்டுக்குப் பின்னால பொடக்காளி வரைக்கும் வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க. முட்டைத் திருடன் பொண்டாட்டிங்கறாங்க. நீ பக்கத்துல தானே இருந்த? நீ சொன்னா நம்பறேன். நெசமா கண்ணு?"

இல்லை அக்கா, பொய் என்று கத்தினேன். அதற்குள் நடுவில் ஆள் புகுந்து, விசாரணை முடிந்த விஷயத்தைப் பற்றிப் பதில் பேசக் கூடாது என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். என் குரல் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. கடைசியாகக் காதில் விழுந்தது அவர் மூக்கை உறிஞ்சிய சத்தம்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் போய்ச் சேர வேண்டும். எனக்கு இனி வேறு வேலை இல்லை.


பதிவு 208
நாள் 223, காலை 11.00
சுருக்கம்: கூட்டம் நலம். பழைய பதிவு ஒன்றைச் சரிபார்த்தேன்.

விவரம்: சரிபார்த்தது 195ஆம் நாள் பதிவை. அன்று நான் எழுதிய சுருக்கம்: "நாச்சிமுத்து இறந்தார். இயக்குநர் உத்தரவுப்படி முக்காடு போட்டபோது விபத்து." இப்போது அங்கே இருப்பது: "நாச்சிமுத்து இறந்தார். முட்டை திருடியபோது விலங்கு தாக்கியது." இயக்குநரின் சாவியால் திருத்தப்பட்டிருக்கிறது. அன்றைய கையலைபேசி (வாக்கிடாக்கி) ஒலிப்பதிவும் அழிக்கப்பட்டிருக்கிறது. என் காதில் பதிந்ததை யார் அழிப்பது?

முக்காடு என்றால் பறவையின் தலையில் மாட்டும் துணிப் பை. கண் மறைந்தால் ஈமு பொம்மை போல நிற்கும். கொங்கு நாட்டில் ஈமுப் பண்ணைகளை மூடி, பறவைகளைக் கொட்டகையில் பட்டினி போட்டுவிட்டு ஓடினார்களே, அப்போது நான் அரசு மருத்துவர். அண்ணன் பண்ணைக் கூலியாள். வெறிபிடித்து உதைத்த ஈமுக்களை அடக்க, தன் முழுக்கைச் சட்டையின் ஒரு கையை வெட்டித் தலையில் மாட்டிக் காட்டினார். அதைப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர் தெய்வசிகாமணி. அடுத்த வருடமே அது 'தெய்வசிகாமணி முறை' என்று புத்தகமாக வந்தது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே. அண்ணன் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். இந்தத் திட்டத்துக்கு அவரை நான்தான் அழைத்துவந்தேன்.

195ஆம் நாள் முட்டையிடும் மேட்டில் படப்பிடிப்பு. கூட்டத்தின் தலைவியான பெரிய பெண் விலங்குக்கு அண்ணன் வைத்த பெயர் மணியக்காரி. அவள் நடக்காமல் கூட்டம் நடக்காது. அவளுக்கு முக்காடு மாட்டச் சொன்னார் இயக்குநர். அவர் ஜீப்பில் இருந்தார், நான் கூண்டில். கையலைபேசியில் கேட்டது இது:

"சார், இது ஈமு இல்லீங் சார். இதுக்குக் கை இருக்குதுங். கண்ணை மறைச்சா கையால தேடும்போல இருக்குதுங்."

"நாச்சிமுத்து, இந்த முறையைக் கண்டுபிடிச்சது நீயா நானா? மாட்டுன்னா மாட்டு."

"சரிங் சார்."

மாட்டினார். நின்றாள். பிறகு கையை நீட்டி அவரை மாட்டி மார்போடு அணைத்தாள். ஓடினாள். கூட்டமும் ஓடியது. இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் கிடைத்தார். போகிற வழியில் முட்டைக் குழிகள் மிதிபட்டு அவர் சட்டையெல்லாம் மஞ்சள் கரு. அந்தக் கறையைப் பார்த்துத்தான் இயக்குநருக்கு யோசனை வந்திருக்க வேண்டும்.

அவரை நான் சும்மா விடப்போவதில்லை. எப்படி என்று இன்னும் தெரியாது.


பதிவு 214
நாள் 229, காலை 8.05
சுருக்கம்: உணவு ஆய்வு தொடர்கிறது. இயக்குநரின் உத்தரவு கிடைத்தது.

விவரம்: சாணத்தைக் கரைத்து வடிகட்டினேன். மழைக்குப் பின் விதை குறைந்து இறால் கூடியிருக்கிறது. ஆழமில்லாத நீரில் அலகைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே நடக்கின்றன. குஞ்சுகள் தனியாக மேய்கின்றன. குஞ்சுகளின் கையில் சிறகு இல்லை; வளர்ந்த பிறகுதான் முளைக்கிறது.

இன்றைய செய்தி:

"மயிலாத்தா, அடுத்த வாசலுக்கு நானே வர்றேன். ஒரு வயசுக் குஞ்சு ஒண்ணு வேணும், உயிரோட. உலகத்துலயே முதல் தடவை. தாயை முக்காடு போட்டு நிறுத்திட்டா குஞ்சு காலடியிலேயே நிக்கும், தூக்கிடலாம். மணியக்காரிக்கு நானே என் கையால மாட்டறேன், கேமராவுல அது வரணும். நாச்சிமுத்து சரியா மாட்டல. என் முறை தோத்ததா யாரும் பேசக் கூடாது பாரு. அதுக்குள்ள அதோட குணம் எல்லாம் பாத்து எழுதி வை. ஆனா நாலு பக்கம் எழுதாதே. முதல் வரியைத்தான் நான் படிப்பேன்."

"சரிங் சார்" என்றேன். அண்ணன் சொன்ன அதே சரிங் சார்.

எழுதிய பொய் போதாதென்று இன்னொரு பொய்யையும் சொல்லித் தானே நம்பத் தொடங்கிவிட்டார். அண்ணன் சரியாக மாட்டவில்லையாம். ஒரு மணி நேரமாகச் சிரிப்பு வருகிறது, சோறு இறங்கவில்லை.

முதல் வரியைத்தான் படிப்பாராம். படிக்கட்டும்.


பதிவு 221
நாள் 236, பிற்பகல் 2.30
சுருக்கம்: பலத்த புழுதிக் காற்று. கூட்டம் கலையாமல் ஒன்றாக நின்றது.

விவரம்: காற்று ஓய்ந்து பத்து நிமிடம்தான் ஆகிறது.

நண்பகலில் மேற்கிலிருந்து செம்புழுதி எழுந்தது. பகலே இருட்டிவிட்டது. கூட்டம் என் கூண்டிலிருந்து முப்பது அடியில். முதலில் எல்லாம் சிலையாக நின்றன, காது கொடுத்துக் கேட்பது போல. ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு ஒவ்வொன்றும் கையை நீட்டித் துழாவியது. பக்கத்தில் நிற்பதன் சிறகில் கொக்கியை மாட்டி மார்போடு இழுத்துக்கொண்டது. முப்பதும் ஒரே கொத்து. குஞ்சுகள் நடுவில். அப்படியே பிணைந்தபடி மணியக்காரி ஓட, எல்லாம் ஓடின. கண் தெரியாமல் முந்நூறு அடி ஓடி நின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

அண்ணன் இறந்த அன்று அவளுக்குக் கோபமே இல்லை. முட்டைக்காகவும் இல்லை, பழிக்காகவும் இல்லை. திடீரென்று இருட்டிவிட்டது, பயந்து பக்கத்தில் இருந்தவரை அணைத்துக் கூட்டிக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் இருந்தவர் நாச்சிமுத்தண்ணன். அவர் உடம்பில் சிறகில்லை, கொக்கி சதையில் இறங்கியது.

அவளை இத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அதற்காக அழுதேன். அண்ணனுக்காக அல்ல, அவளுக்காக.


பதிவு 226
நாள் 241, காலை 9.50
சுருக்கம்: முக்காடு மூன்று முறை சோதித்தேன். விலங்கு ஐம்பது நொடி அமைதியாக நின்றது.

விவரம்: கூண்டுக்குள் நின்றுகொண்டு, நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் முக்காட்டைக் கட்டி, இறால் தின்ன வந்த நொண்டி ஆண் விலங்கின் தலையில் மாட்டினேன். அதன் பக்கத்தில் ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, பழைய போர்வையைச் சுற்றியிருந்தேன்.

முதல் முறை 52 நொடி அசையாமல் நின்றது. 53ஆம் நொடி கை நீண்டது. குழாயை மாட்டி இழுத்து, அடியோடு பிடுங்கி, மார்போடு அணைத்தபடி ஓடியது. இரண்டாம் முறை 47 நொடி. மூன்றாம் முறை 50. மூன்றிலும் ஒரே முடிவு. குழாய் வளைந்துவிட்டது.

எச்சரிக்கை. நெட்டையனுக்கு முக்காடு போடக் கூடாது. போட்டுவிட்டால் நாற்பது நொடிக்குள் கை எட்டாத தூரத்துக்கு ஓடிவிட வேண்டும். எதிரில் நிற்கவே கூடாது. இதை மூன்று முறை எழுதுகிறேன். முக்காடு போடக் கூடாது. போடக் கூடாது. போடக் கூடாது.

சுருக்கத்தையும் விவரத்தையும் ஒத்துப் பார்த்தேன். சுருக்கத்தில் ஒரு சொல் பொய்யில்லை. ஒருவர் வாழ்க்கையைப் பன்னிரண்டு சொல்லில் அழிக்க முடியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இயக்குநர்தான். குருவை மிஞ்சிய சிஷ்யை என்று சொல்லிக்கொள்ளலாம்.


பதிவு 227
நாள் 242, காலை 7.15
சுருக்கம்: இயக்குநரிடம் பேசினேன். விவரத்தைப் படிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

விவரம்: செய்தி:

"அதானே பாத்தேன்! ஐம்பது நொடி! ஐம்பது நொடியில நான் ரெண்டு குஞ்சு தூக்குவேன். என் முறை என்னைக்கு தோத்திருக்கு?"

"சார், விவரத்தையும் ஒருக்கா படிச்சுருங் சார்."

"அதெல்லாம் கிளார்க் ஃபைல் பண்ணுவாம்மா. நீ நல்லபடியா இரு."

இது முதல் முறை. மூன்று முறை சொல்வது என்று எனக்குள் ஓர் ஒப்பந்தம். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். திறந்தால் பிழைத்துப் போகட்டும். திறக்காவிட்டால் அது அவர் விரலின் குற்றம்.

இப்படி எழுதும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இது நியாயமா என்று கேட்கிறது. தங்காயக்கா மூக்கை உறிஞ்சிய சத்தத்தை நினைத்துக்கொள்கிறேன். அது வாயை மூடிக்கொள்கிறது.


பதிவு 235
நாள் 250, காலை 7.12
சுருக்கம்: ஐந்து நாளில் வாசல். குஞ்சுக்குக் கூண்டு தயார். விவரத்தைப் படிக்க மீண்டும் வேண்டினேன்.

விவரம்: இரண்டாம் முறை சொன்னேன். "சொல்லணும்னா சுருக்கத்துலயே சொல்லியிருப்பியே" என்றார். புத்திசாலி. 195ஆம் நாள் சுருக்கத்தில் சொன்னேனே, அது என்ன ஆயிற்று சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஓரம் இன்னும் காலி.

மணியக்காரி இன்று கூண்டருகே வந்து தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை.


பதிவு 240
நாள் 255, காலை 8.30
சுருக்கம்: வாசல் 7.00க்குத் திறந்தது. இயக்குநர் நலமாக வந்து சேர்ந்தார்.

விவரம்: புதுத் தொப்பி, மார்பில் ஒரு கேமரா, முக்காலியில் ஒன்று. முக்காட்டில் தன் பெயரைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார், மஞ்சள் நூலில். எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு. இத்தனை நாள் தனியாக இருந்ததற்காம்.

ஜீப்பில் ஏறிய பிறகு கையலைபேசியில் கேட்டார்:

"வேற எதாவது நான் தெரிஞ்சுக்கணுமா மயிலாத்தா?"

"எல்லாம் பதிவேட்டுல எழுதியிருக்குதுங் சார். ஜீப்புல திரை இருக்குதுங். இப்பவாச்சும் தட்டிப் பாருங்."

"வந்து பாக்கறேன்."

மூன்றாம் முறையும் சொல்லிவிட்டேன்.


பதிவு 241
நாள் 255, பிற்பகல் 1.40
சுருக்கம்: இயக்குநர் இறந்தார். முக்காடு போட்டபோது விபத்து. வாசல் மூடியது. நான் நலம்.

விவரம்: 9.20. மேட்டின் நிழல் பக்கம் மணியக்காரியும் இரண்டு குஞ்சுகளும். அவர் நேர் எதிரில் போனார். தைரியம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே வீச்சில் மாட்டினார். நான் தொலைநோக்கியில் பார்த்தபடி எண்ணத் தொடங்கினேன்.

பத்து. அவள் சிலை. கேமராவைப் பார்த்துத் திரும்பிக் கையை விரித்துக் காட்டினார்.

இருபது.

"பாத்தியா மயிலாத்தா? குழந்தை மாதிரி நிக்குது."

"நல்லா பாத்துட்டிருக்கேனுங் சார்."

முப்பது. என் கட்டைவிரல் பொத்தான் மேல். ஓடுங்க என்று ஒரு சொல். பத்து நொடி போதும் அதற்கு. விரல் அழுத்தவில்லை. அழுத்த மறந்துவிட்டேன் என்று எழுதலாம், பொய். நினைவோடுதான் அழுத்தவில்லை.

நாற்பது. அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். நாற்பத்தைந்து. குனிந்து குஞ்சைப் பார்த்தார். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது.

கை நீண்டது.

சத்தம் கையலைபேசியில் முழுதாகக் கேட்டது. ஒலியைக் குறைக்கவில்லை. அவர் அம்மாவைக் கூப்பிட்டார். அண்ணன் யாரையும் கூப்பிடவில்லை, அவருக்கு மூச்சு விட நேரமிருக்கவில்லை. இவர் முந்நூறு அடி வரை கூப்பிட்டார். கேட்டுக்கொண்டே நின்றேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி உடம்பு கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணியக்காரி முக்காட்டை முள்செடியில் தேய்த்துக் கழற்றிவிட்டிருந்தாள். பெயர் தைத்த பக்கம் மேலே தெரிந்தது.

திரும்புவதற்குள் வாசல் மூடிவிட்டது. பரவாயில்லை. மைசூர்பாகு இரண்டு தின்றேன். நன்றாக இருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு பசித்தது. இப்போது விசாரணை வரும், விவரத்தைத் திறப்பார்கள், 195ஆம் நாளைத் திறப்பார்கள். அக்காவுக்குப் பதில் போய்விடும்.


பதிவு 245
நாள் 259, இரவு 7.30
சுருக்கம்: புதிய பொறுப்பாளரிடமிருந்து செய்தி வந்தது.

விவரம்: துணை இயக்குநர் கார்வேந்தன் இப்போது பொறுப்பு. நல்ல மனிதர், மெல்லப் பேசுவார். கேமராப் படம் தானாகவே அவர்களுக்குப் போயிருக்கிறது. செய்தி:

"டாக்டரம்மா, மனசைத் தேத்திக்கோங்க. நீங்க மூணு தடவை எச்சரிச்சது பேச்சுப் பதிவுல இருக்குது, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. படத்தைப் பாத்துக் குழு ஒரு முடிவுக்கு வந்திருச்சு. நாச்சிமுத்து முட்டை திருடுனதுல இருந்தே அந்த மிருகங்க மனுசங்க மேல வன்மமா இருந்திருக்குது. அந்தத் திருட்டாலதான் சாரையும் இழந்துட்டோம். அறிக்கையில அப்படித்தான் போகுது. சாருக்கு நிலைய வாசல்ல சிலை வெக்கறாங்க. நீங்க அடுத்த வாசல்ல வந்துருங்க, வரவேற்பு இருக்குது."

கத்தினேன். விவரத்தைத் திறந்து பாருங்கள், நெட்டையனுக்கு வன்மம் கிடையாது, இருட்டினால் அணைக்கும், அவ்வளவுதான், எல்லாம் எழுதியிருக்கிறது என்றேன். அண்ணன் திருடவில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது மூடின ஃபைலுங்கம்மா. மூடினதைத் தொறக்கணும்னா புதுசா ஒரு குத்தம் வேணும். விபத்துக்கெல்லாம் தொறக்க மாட்டாங்க. சொல்றதைச் சுருக்கத்துல போடுங்க, நான் அதைத்தான் மேல அனுப்புவேன்."

அண்ணனை ஒருமுறை கொன்றார்கள். நான் பழி வாங்கப் போய் அவர் தலையில் இரண்டாவது பிணத்தையும் ஏற்றிவிட்டேன். இனித் தங்காயக்காவிடம் முட்டைத் திருடன் பொண்டாட்டி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். பெரிய மனுசனைக் காவு கொடுத்தவன் பொண்டாட்டி என்பார்கள். சிலைக்கு மாலை போடவும் கூப்பிடுவார்கள்.

எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தேன். ஒரு சொல் பொய்யில்லை, என் கையில் கறையில்லை. கறை படாத கைக்கு ஃபைல் திறக்காதாம்.

நாள் முழுக்கக் கூண்டுக்குள் நடந்தேன். வாசல் திறக்க முப்பத்தேழு நாள் இருக்கிறது. வரவேற்புக்குப் போகலாம். அல்லது போலீஸ் காத்திருக்கும் வாசலுக்குப் போகலாம். அல்லது கொலைகாரிக்கு எதற்கு வாசல் என்று அவர்கள் அந்தப் பக்கத்திலேயே வாசலை அணைத்துவிடலாம். மூன்றாவதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அவர்களுக்கு அதுதான் சிக்கனம்.

காகிதத்தில் எழுதி எழுதி அடிக்கிறேன். பன்னிரண்டு சொல். அண்ணனுக்கு எத்தனை, எனக்கு எத்தனை.


பதிவு 246
நாள் 260, காலை 7.00
சுருக்கம்: நாச்சிமுத்து முட்டை திருடவில்லை. இயக்குநர் சொல்லித்தான் முக்காடு போட்டார். இயக்குநரைக் கொன்றது நான். தங்காயிக்குச் சொல்லுங்கள்.

விவரம்: இல்லை.